ஆப் போட்ட சி மைனஸை நம்பலாமா? ட்ராஃப்ட் முடிந்த டீமை எடை போடுவது எப்படி

நீங்கள் கேட்டிருப்பது “என் டீம் தேறுமா?” என்று. விவரங்களைப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆபீஸில் 12 பேர் சேர்ந்து நடத்தும் ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில் (அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுப்பதற்குப் பாயின்ட் வாங்கும் விளையாட்டு) முதல் தடவையாகச் சேர்ந்திருக்கிறீர்கள். போன ஞாயிறு ட்ராஃப்ட், அதாவது முறை வைத்து ஒவ்வொருவராக வீரர்களை எடுப்பது, முடிந்தது. முடிந்த கையோடு ஆப் உங்கள் டீமுக்கு சி மைனஸ் போட்டு, பத்தாவது இடத்தில்தான் முடிப்பீர்கள் என்றும் சொல்லிவிட்டது. பக்கத்து சீட்டு நண்பருக்கு ஏ பிளஸ். அவர் சிரித்துக்கொண்டே ஒரு டிரேடும் கேட்கிறார்: ஜாஷ் ஜேக்கப்ஸை நீங்கள் கொடுத்தால் பிராக் பவர்ஸை அவர் தருவார். ஆக, அந்த மார்க்கை நம்பலாமா, வியாழக்கிழமை பிலடெல்ஃபியாவில் ஈகிள்ஸ் – கௌபாய்ஸ் ஆட்டத்தோடு 2025 சீசன் தொடங்குவதற்குள் எதையாவது மாற்ற வேண்டுமா, இந்த டிரேடுக்குச் சரி சொல்லலாமா. இதுதான் விஷயம்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் டீமை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏழாவது இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பாஸ் போடும் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் ஜாஷ் ஜேக்கப்ஸும். பாஸ் பிடிக்கும் வைட் ரிசீவர் டீ ஹிக்கின்ஸும் மைக் எவான்ஸும். எதிரணியைத் தடுப்பதோடு பாஸும் பிடிக்கும் டைட் எண்ட் டி.ஜே. ஹாக்கென்சன். ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் போடலாம் என்கிற ஃபிளெக்ஸ் இடத்தில் ஜேம்ஸ் கானர். டிஃபென்ஸ் (ஓர் அணியின் தடுப்பு வரிசை மொத்தமும்) டென்வர் பிராங்கோஸ், கூடவே ஒரு கிக்கர். பெஞ்சில் ஆறு இடம்: கால்வின் ரிட்லி, எமேகா எக்பூக்கா, பிரையன் ராபின்சன், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், இரண்டாவது டைட் எண்டாக எவன் எங்ரம், இரண்டாவது டிஃபென்ஸாக கிரீன் பே பேக்கர்ஸ். பிடித்த ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு பாயின்ட் தரும் பிபிஆர் முறை.

முதலில் அந்த சி மைனஸ். நான் பல வருடங்களாக ஒரு லீக்குக்குக் கமிஷனர், அதாவது அதை நடத்தும் பொறுப்பு என்னுடையது; பிழைப்புக்குச் செய்வதும் புள்ளிவிவர வேலைதான். அதனால் ஒரு எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் உண்டு. இந்த மார்க் பெரும்பாலும் இரண்டு விஷயங்களிலிருந்து வருகிறது. ஒன்று, ஒரு வீரர் மற்ற லீக்குகளில் சராசரியாக எத்தனையாவதாகப் போகிறார் என்பது, ஏடிபி என்பார்கள். 60ஆவதாகப் போகிறவரை 45ஆவதாக எடுத்தால் மைனஸ், 75 வரை காத்திருந்து எடுத்தால் பிளஸ். இன்னொன்று, அந்தத் தளம் தானே சீசன் முழுவதற்கும் கணித்து வைத்திருக்கும் பாயின்ட்டுகளின் கூட்டல். இரண்டுக்கும் அளவுகோல் அந்தத் தளத்தின் பட்டியல்தான். ட்ராஃப்ட் நேரத்தில் திரையில் காட்டிய வரிசைப்படியே மேலிருந்து கீழே எடுத்துக்கொண்டு வந்தவருக்கு நல்ல மார்க் விழும். கேள்வித்தாளையும் எழுதி விடைத்தாளையும் திருத்துகிற வாத்தியாரிடம், அவர் கொடுத்த நோட்ஸையே ஒப்பித்த பையனுக்கு விழுவது மாதிரி.

அதற்காக அதைக் குப்பை என்று தள்ளவும் மாட்டேன். ஏடிபி என்பது ஆயிரக்கணக்கான பேரின் கூட்டு அபிப்பிராயம். அதிலிருந்து ரொம்ப விலகிப் போயிருந்தால், எங்கே விலகினோம், காரணம் இருந்ததா என்று பார்ப்பது நல்லது. உங்கள் பட்டியலில் முதல் ஐந்து பேரும் அந்தந்த இடத்துக்குப் பொருத்தமாகவே வந்திருக்கிறார்கள். மார்க் போனது பின்பாதியில். வியாழக்கிழமை டிஃபென்ஸ் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் டாலஸிலிருந்து கிரீன் பேக்கு டிரேட் ஆனார், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேக்கர்ஸை இரண்டாவது டிஃபென்ஸாக எடுத்திருக்கிறீர்கள். செய்தியின் சூட்டில் எடுத்தது என்று நினைக்கிறேன். அதோடு எங்ரமும் ஃபீல்ட்ஸும். ஆரம்ப வரிசையில் இடமில்லாத குவார்ட்டர்பேக், டைட் எண்ட், டிஃபென்ஸ் ஆகியோருக்கு ஆப் மதிப்பே கொடுக்காது. ஆப் சொன்னதில் இந்தப் பகுதி நியாயம்தான். கடைசி மார்க்கை விட, அது எங்கே குறைந்தது என்பதே உங்களுக்குப் பயன்படும்.

இனி நாமே எடை போடுவோம். தொடங்க வேண்டிய இடம் லீக்கின் விதிப் பக்கம். வீரர்களின் பெயர் பிறகு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஏனென்றால் வெறும் கணக்கு. போன 2024 சீசனில் பெங்கால்ஸின் ஜமார் சேஸ் 127 பாஸ் பிடித்து 1,708 யார்டும் 17 டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். ரேவன்ஸின் டெரிக் ஹென்றி 1,921 யார்டு ஓடி 16 டச்டவுன், அதோடு 19 பாஸ் பிடித்து 193 யார்டு, மேலும் 2 டச்டவுன். 10 யார்டுக்கு ஒரு பாயின்ட், டச்டவுனுக்கு ஆறு என்று போட்டால், பாஸ் பிடிப்பதற்குப் பாயின்ட் இல்லாத லீக்கில் ஹென்றிக்கு ஏறத்தாழ 319, சேஸுக்கு 273. உங்கள் பிபிஆர் லீக்கில் சேஸ் 400ஐத் தொடுகிறார், ஹென்றி 338இல் நிற்கிறார். ஆட்டம் அதே ஆட்டம், விதி ஒன்று மாறியதும் வரிசை தலைகீழாகிறது. யாராவது உங்கள் டீமைப் பற்றி அபிப்பிராயம் சொன்னால், எந்த விதிக்குச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். குவார்ட்டர்பேக் போடும் பாஸ் டச்டவுனுக்கு நான்கா ஆறா என்பதை நீங்கள் எழுதவில்லை. நான்கு என்றே வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்தது, ஒரு வீரர் எடுக்கும் மொத்தப் பாயின்ட்டை விட, அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் யார் வருவார் என்பது முக்கியம். ஃபுட்பால்கைஸ் தளத்தின் ஜோ பிரையன்ட் இதை ஒரு முறையாகவே பிரபலப்படுத்தினார். உங்கள் லீக்கில் ஒரு வாரத்துக்கு 12 குவார்ட்டர்பேக்குகள்தான் களத்தில் இருப்பார்கள். என்எஃப்எல்லில் 32 அணிகள். பலர் இரண்டாவது ஆளை வைத்திருந்தாலும் ஏழெட்டுப் பேராவது யாரும் எடுக்காமல் கிடப்பார்கள். ரன்னிங் பேக்கில் கதை வேறு. 24 இடம் கட்டாயம், ஃபிளெக்ஸில் சிலர், பெஞ்சில் பதுக்கி வைத்தவர்கள் வேறு. 32 அணிகளுக்கும் முதன்மை ரன்னிங் பேக் ஒருவர் என்று வைத்தாலும் போதாது. அதிலும் பல அணிகள் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆகவே ட்ராஃப்ட் முடிந்த பிறகு யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில் உருப்படியான குவார்ட்டர்பேக் இருப்பார், உருப்படியான ரன்னிங் பேக் இருக்க மாட்டார். உங்கள் லீக்கின் அந்தப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு இடத்திலும் முதலில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். டீமின் மதிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கண்ணாடியில் பார்த்தால் உங்கள் ரன்னிங் பேக் வரிசை லீக்கிலேயே மேல்பாதியில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். மெக்காஃப்ரி 2023இல் 1,459 யார்டு ஓடி, பாஸையும் சேர்த்து 21 டச்டவுன் எடுத்தார். அதனால் 2024இல் ஏறக்குறைய எல்லா ட்ராஃப்ட்டிலும் முதல் ஆளாகப் போனார், ஆடியது நான்கே ஆட்டம். இப்போது வயது 29. கானருக்கு 30. கானர் கடந்த இரண்டு சீசனிலும் 1,000 யார்டைத் தாண்டியவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ரன்னிங் பேக்குகள் 30ஐ ஒட்டிச் சரிவது பழைய கதை. ஹென்றி அந்த 1,921 யார்டை ஓடியது 30 வயதில்தான் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அதை அத்தனை பேர் பேசுவதே அது அபூர்வம் என்பதால்தான். மூவரில் நான் நிம்மதியாகப் பார்ப்பது 27 வயது ஜேக்கப்ஸை: 2024இல் 1,329 யார்டு ஓட்டம், 15 டச்டவுன், பாஸில் 342 யார்டு, 17 ஆட்டமும் ஆடினார்.

ரிசீவர்கள் சுமார் முதல் நன்று வரை. எவான்ஸ் 2014இல் வந்ததிலிருந்து தொடர்ந்து 11 சீசன் ஒவ்வொன்றிலும் 1,000 யார்டு எடுத்து ஜெரி ரைஸின் சாதனையைச் சமன் செய்தவர். ஆனால் போன வருடம் அந்த ஆயிரத்தைத் தொட்டது சீசனின் கடைசிப் பந்தில். வயது 32. ஹிக்கின்ஸ் 12 ஆட்டத்தில் 10 டச்டவுன் எடுத்தார். அதே “12 ஆட்டம்” என்பதுதான் பிரச்சினையும், 2023இலும் அவர் 12 ஆட்டம்தான் ஆடினார். இரண்டு ரிசீவர்தான் தேவை என்கிற உங்கள் லீக்கில் இது போதும். மூன்று ரிசீவர் கட்டாயம் என்று இருந்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன். ஹாக்கென்சன் முழங்கால் காயத்திலிருந்து திரும்பி 2024இல் 10 ஆட்டம் ஆடினார், ஒரு டச்டவுன்கூட இல்லை. அவருக்குப் பாஸ் போடப்போகும் ஜே.ஜே. மெக்கார்த்தி இன்னும் ஒரு என்எஃப்எல் சீசன் ஆட்டம்கூட ஆடாதவர். இந்த இடம் நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிக்கரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அனுபவமுள்ளவர்கள் ட்ராஃப்ட் முடிந்ததும் முதலில் பார்ப்பது பெஞ்சைத்தான். ஆரம்ப வரிசை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில்தான் அமையும். ஒரு சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுக்கும் பாம்பு வரிசை ட்ராஃப்ட் அதற்காகவே உருவானது. பெஞ்சில் இருப்பவரைப் பற்றி நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒரே ஒரு செய்தி வந்தால் இவர் என் ஆரம்ப வரிசைக்கு வந்துவிடுவாரா? உங்கள் டீமை வைத்தே சொல்கிறேன். 2024 சீசனின் முதல் வாரம், ஜெட்ஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்தில் மெக்காஃப்ரி இறங்கவில்லை என்பது ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் உறுதியானது. பதிலுக்கு வந்த ஜோர்டன் மேசன் 147 யார்டு ஓடினார். பெரும்பாலான லீக்குகளில் மேசனை யாருமே எடுத்திருக்கவில்லை. அதற்கு முன் 2018இல் ஸ்டீலர்ஸின் லெவியன் பெல் ஒப்பந்தத் தகராறில் சீசன் முழுக்க ஆடவே இல்லை. அவர் இடத்தில் ஓடி 12 டச்டவுன் எடுத்தவர் வேறு யாருமில்லை, இன்று உங்கள் ஃபிளெக்ஸில் இருக்கிற அதே ஜேம்ஸ் கானர்தான்.

அந்தக் கேள்வியை உங்கள் ஆறு பேரிடமும் கேட்போம். பிரையன் ராபின்சன் ஆகஸ்டில்தான் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு டிரேட் ஆனார், மெக்காஃப்ரிக்கு அடுத்த இடத்தில் அவர்தான் இருப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். மெக்காஃப்ரிக்கு ஏதாவது ஆனால் மறுநாளே உங்கள் ஆரம்ப வரிசை ஆள். நீங்கள் எடுத்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த பிக் இது. ஆப் இதற்கு மார்க்கே கொடுத்திருக்காது. எக்பூக்கா, கல்லூரி வீரர்களை அணிகள் எடுக்கும் என்எஃப்எல் ட்ராஃப்ட்டின் முதல் சுற்றில் டேம்பா பேக்கு வந்த ரூக்கி ரிசீவர், அதாவது முதல் வருட வீரர். அங்கே கிறிஸ் காட்வின் கணுக்கால் காயத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை, ஜேலன் மெக்மில்லனும் காயம். முதல் வாரமே நிறைய ஆடுவார் போலிருக்கிறது. காட்வின் வந்த பிறகு என்ன ஆகும் என்பது ஊகம். ரிட்லி ஏற்கெனவே ஆரம்ப வரிசைக்குப் பக்கத்தில் இருப்பவர். 2024இல் 1,017 யார்டு, இந்த வருடம் அவருக்கு என்எஃப்எல் ட்ராஃப்ட்டின் முதல் பிக் கேம் வார்ட் பாஸ் போடப்போகிறார்.

ஃபீல்ட்ஸ் விஷயத்தில் ஆப்போடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஓடுகிற குவார்ட்டர்பேக்கின் கணக்கே வேறு. 2022இல் சிகாகோவில் அவர் காலால் மட்டும் 1,143 யார்டும் 8 டச்டவுனும் எடுத்தார். அதாவது 162 பாயின்ட். பாஸுக்கு 25 யார்டுக்குத்தான் ஒரு பாயின்ட் என்பதால், கையால் அதை எடுக்க டச்டவுனைச் சேர்க்காமல் 4,000 யார்டுக்கு மேல் பாஸ் போட வேண்டும். இப்போது ஜெட்ஸில் ஆரம்ப குவார்ட்டர்பேக் அவர்தான். அந்த அளவு மறுபடி ஓடுவார் என்று நான் சொல்லவில்லை. பிரெஸ்காட் 2023இல் 36 டச்டவுன் பாஸோடு லீக்கிலேயே முதலிடம், ஆனால் 2024இல் பின்தொடை கிழிந்து எட்டு ஆட்டத்தோடு முடித்துக்கொண்டார். இந்த நிலையில் ஃபீல்ட்ஸைச் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பது வீண் போகாது. எங்ரமை வைத்திருக்க அப்படிக் காரணம் எதுவும் இல்லை. 2023இல் 114 பாஸ் பிடித்தவர்தான், இப்போது புது அணி, வயது 31, ஹாக்கென்சனை விட நிச்சயமாக மேல் என்று சொல்லவும் முடியாது. சுமாரான இரண்டு டைட் எண்டை வைத்திருந்தால் ஒவ்வொரு வாரமும் யாரைப் போடுவது என்கிற தலைவலி மட்டும் மிஞ்சும்.

பேக்கர்ஸ் டிஃபென்ஸை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பார்சன்ஸ் வந்ததால் நல்ல டிஃபென்ஸாகவே அமையலாம். ஆனால் முதல் வாரம் அவர்களுக்கு டெட்ராய்ட், உங்கள் டென்வருக்கு ரூக்கி குவார்ட்டர்பேக் வார்டோடு வரும் டென்னஸி. டென்வர்தான் 2024இல் 63 சேக்கோடு (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பாஸ் போடுவதற்குள் வீழ்த்துவது) லீக்கில் முதலிடம். யோசிக்க ஒன்றுமில்லை. பிறகு எந்த வாரமாவது டென்வருக்குக் கடினமான எதிரணி வந்தால் அந்த வாரத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டிஃபென்ஸை எதிரணியைப் பார்த்து மாற்றுவதுதான் வழக்கம், பெஞ்சில் வைத்து வளர்க்கிற சரக்கு அல்ல. எங்ரமும் பேக்கர்ஸும் போனால் இரண்டு இடம் கிடைக்கும். முதலில் அரிசோனாவின் ட்ரே பென்சன் யாரிடமாவது இருக்கிறாரா என்று பாருங்கள். கானருக்கு அடுத்தவர் அவர், கானரின் வயதை ஏற்கெனவே சொன்னேன். அவர் கிடைக்காவிட்டால், தன் அணியில் இரண்டாவதாக நிற்கிற, முதலாமவருக்கு வயதோ காயமோ இருக்கிற வேறு எந்த ரன்னிங் பேக்கும் சரி.

பத்தாவது வாரம் ஹிக்கின்ஸ், ரிட்லி, பிரெஸ்காட் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு வருகிறது என்று பயந்திருக்கிறீர்கள். அதை விடுங்கள். நவம்பருக்குள் உங்கள் டீமே பாதி மாறியிருக்கும். அப்படியே இருந்தாலும் மூன்று வாரம் ஒவ்வொருவராக இல்லாமல் தவிப்பதை விட ஒரு வாரம் மொத்தமாகத் தோற்பது பெரிய நஷ்டமில்லை. நான் குறித்து வைப்பது வேறு ஒன்றை: மெக்காஃப்ரிக்கு ஓய்வு 14ஆவது வாரம். பெரும்பாலான லீக்குகளில் பிளேஆஃப் 15, 16, 17ஆவது வாரங்கள். அதாவது உள்ளே நுழைவதற்குக் கடைசி ஆட்டம் அவர் இல்லாமல். அது நெருங்கும்போது நீங்கள் ஆறாவது, ஏழாவது இடத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தால் உறுத்தும்.

இதுவரை சொன்னதில் விதிகள், இடங்களின் எண்ணிக்கை, ஓய்வு வாரம், வயது ஆகியவை உறுதியானவை. யார் யாருக்கு அடுத்து என்பது ஓரளவு உறுதி. பயிற்சியாளர் நினைத்தால் ஒரு வாரத்தில் மாற்றுவார். காயத்தை யாராலும் சொல்ல முடியாது, சொல்வதாக விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். 2023இல் ஜெட்ஸுக்கு வந்த ஏரன் ராட்ஜர்ஸ் நாலாவது ஆட்டப்பந்திலேயே குதிகால் தசைநார் அறுந்து அந்த சீசனை முடித்துக்கொண்டார். அதே 2023இல், என்எஃப்எல் ட்ராஃப்ட்டின் ஐந்தாம் சுற்றில் வந்த பூக்கா நக்குவா 105 பாஸ், 1,486 யார்டு என்று ரூக்கி சாதனையையே மாற்றினார். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் பெயர் ஃபேண்டஸி ட்ராஃப்ட் பட்டியல்களின் அடியில்கூட அபூர்வம். எந்த மார்க்கும் இந்த இரண்டையும் பிடித்திருக்காது.

டச்டவுனும் கிட்டத்தட்ட அந்த வகைதான். 1960களின் தொடக்கத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸின் பங்குதாரர் பில் விங்கன்பாக் இந்த விளையாட்டை உருவாக்கியபோது ஸ்கோர் விழுந்தால்தான் பாயின்ட். யார்டுக்குப் பாயின்ட் வந்தது பின்னால், நல்ல காரணத்தோடு: யார்டு ஒரு சீசனிலிருந்து அடுத்ததற்கு ஓரளவு தொடரும், டச்டவுன் இஷ்டத்துக்கு ஆடும். அட்லாண்டாவின் ஹூலியோ ஜோன்ஸ் 2017இல் 1,444 யார்டு எடுத்து மூன்றே டச்டவுன். அடுத்த வருடம் 1,677 யார்டு, எட்டு டச்டவுன். அதனால்தான் போன வருடம் பாஸில் நான்கே டச்டவுன் எடுத்த ரிட்லியையும் ஒன்றுகூட எடுக்காத ஹாக்கென்சனையும் நான் அவ்வளவு மோசமாகப் பார்ப்பதில்லை. அதே நியாயப்படி ஹிக்கின்ஸின் 10, ஜேக்கப்ஸின் 15 இரண்டும் கொஞ்சம் இறங்க வாய்ப்பு உண்டு என்றும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, டிரேடுக்கு வருவோம். டைட் எண்டான பவர்ஸ் 2024இல் ரூக்கியாக 112 பாஸ், 1,194 யார்டு, 5 டச்டவுன். உங்கள் விதிப்படி ஆட்டத்துக்கு 15.4 பாயின்ட். ஹாக்கென்சன் அவர் ஆடிய 10 ஆட்டத்தில் சராசரி 8.7 மாதிரி. டைட் எண்ட் இடத்தில் வாரத்துக்கு ஆறேமுக்கால் லாபம். அந்தப் பக்கம் ஜேக்கப்ஸ் 17.6. அவர் போனால் கானர் ரன்னிங் பேக் இடத்துக்கு ஏறுவார், ஃபிளெக்ஸில் ரிட்லி வருவார். ரிட்லி 11க்கும் 12க்கும் நடுவில். நஷ்டம் ஆறு சொச்சம். ஃபம்பிளுக்கு, அதாவது பந்தை நழுவவிட்டதற்கு, கழிப்பதை விட்டுவிட்டேன், போன வருட எண்களைத்தான் வைத்திருக்கிறேன், ஆகவே தசமத்துக்கு மதிப்பில்லை. மொத்தத்தில் இரண்டு பக்கமும் சமம். உங்கள் நண்பர் ஏமாற்றப் பார்க்கவில்லை, நியாயமான டிரேடைத்தான் கேட்டிருக்கிறார்.

கணக்கு சமமாக நிற்கும்போது ஆபத்தைப் பார்க்க வேண்டும். ஜேக்கப்ஸைக் கொடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது 29 வயது மெக்காஃப்ரி, 30 வயது கானர், இன்னொருவர் விழுந்தால்தான் மதிப்பு வரும் ராபின்சன். இரண்டு காயம் சேர்ந்து வந்தால் சீசன் அங்கேயே முடிந்தது. யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில் ரன்னிங் பேக் கிடைக்காது என்பதை மேலே பார்த்தோம். ஏற்கெனவே மூன்று இளம் ரன்னிங் பேக் வைத்திருப்பவருக்கு நான் இதே டிரேடைச் செய் என்பேன். உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். மறுப்பதோடு நிறுத்தாமல் திருப்பிக் கேளுங்கள்: ஜேக்கப்ஸுக்குப் பதில் கானரும் ரிட்லியும் கொடுத்தால் பவர்ஸ் வருவாரா என்று. இரண்டு பேர் ஆரம்ப வரிசைக்குத் தேவைப்படும் நிலையில் அவர் இருந்தால் யோசிப்பார். அந்த வழியில் பென்சன் உங்களிடம் இருந்தால் கானரோடு சேர்த்தே விற்கலாம். இப்போது ஒப்புக்கொள்ளாவிட்டாலும், மூன்றாவது வாரம் அவருடைய ரன்னிங் பேக் யாராவது உட்காரும்போது மறுபடி கேட்கலாம்.

எதற்கும் லீக் பக்கத்தில் வேவர் விதியை, அதாவது யாரும் எடுக்காத வீரரை எப்படி எடுப்பது என்பதை, பார்த்துவிடுங்கள். பென்சனை எடுக்கிறீர்கள் என்றால் அது உடனே நடக்குமா, புதன் அதிகாலை வரை காத்திருக்க வேண்டுமா, வரிசைப்படியா அல்லது ஏலத்தொகை வைத்தா என்பது லீக்குக்கு லீக் மாறும். ஏலம் என்றால் இந்த வாரம் ஒன்றிரண்டு டாலருக்கு மேல் வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் யாராவது ஒரு மேசனோ நக்குவாவோ வருவார், பணம் அப்போது தேவைப்படும்.